கீறல் விழுந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே மாதேஸ்வரி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். கையில் துணியில் சுற்றிய ஒரு டிவிடி. மறுநாள் அதைக் கிருஷ்ணகிரி கோர்ட்டில் கொடுத்தாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அஞ்செட்டி மலைக் கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ரிஜிஸ்டர் பண்ணவில்லை. பத்திரிகைகூட அடிக்கவில்லை. இந்த டிவிடி ஒன்றுதான் மிச்சம். புருஷன் கோபி இப்போது பெங்களூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, அவள் போட்ட ஜீவனாம்ச வழக்கில், தனக்கும் மாதேஸ்வரிக்கும் கல்யாணமே ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். அவன் அக்கா சாந்தம்மாவும் அப்படியே சொல்லியிருந்தாள்.

ஒரிஜினலைத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று வக்கீல் பரமசிவம் சொன்னதிலிருந்து மாதேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. கோர்ட்டில் கேஸ் கட்டு மாறி எங்கேயாவது தொலைந்துபோனால்? வீடியோ எடுத்தவன் ஸ்டுடியோவை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான். காப்பி போடக் கடையில் கொடுக்கவும் பயம்.

கதவைத் திறந்த சுப்ரியா, மாதேஸ்வரி வேலை பார்க்கும் கம்பெனியிலேயே டிராயிங் செக்‌ஷனில் இருந்தாள். விருதுநகர்ப் பெண். அந்த லைன் வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது அவளிடம் மட்டும்தான். பிரவுசிங் சென்டரிலிருந்து, டிவிடியைக் காப்பி எடுக்கும் மூன்று சாஃப்ட்வேர்களைப் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தாள்.

“மூணையும் போட்டுப் பாப்போம்க்கா. எது சரியா வருதோ அத வச்சுக்கிருவோம்.”

முதலாவது மடமடவென்று வேலை செய்தது. ஆனால் ஓசிக்குக் கிடைத்ததாயிற்றே, படத்தின் குறுக்கே தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டது. மணமேடையில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரியின் முகத்தின் மேல் இங்கிலீஷ் எழுத்துகள்.

“இத வெச்சிகினு நான் என்னா பண்ண? மூஞ்சியே தெரியலயே!”

இரண்டாவது பெயர் எதுவும் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. சுப்ரியா கை தட்டினாள். மாதேஸ்வரி மட்டும், “ஓட்டு, பாத்துறலாம்” என்றாள். மேளம் முழங்கியது. கோபி தாலியை எடுத்து நீட்டினான். படம் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடி தாலி அவள் கழுத்தில் கிடந்தது. கட்டிய கையைக் காணோம்.

டிவிடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்கள். நக நீளத்துக்கு ஒரு கீறல்.

“கீறல் வந்த எடத்தத் தாண்டிப் போயிருதுக்கா. அஞ்சு செகண்டுதான்.”

“அந்த அஞ்சு செகண்டுதான் வேணும். அவன் ஒரு முடிச்சு போட்டான், மீதி ரெண்டும் சாந்தம்மா போட்டா. அது இல்லன்னா மத்ததெல்லாம் எதுக்கு?”

மூன்றாவது சாஃப்ட்வேர் கெட்டுப்போன இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்குமாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று அதுவே சொல்லாது. தினமும் பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். போனது. நாற்பத்தொரு சதவீதத்தில் திரை இருண்டது.

மாதேஸ்வரி எழுந்து வாசலுக்குப் போனாள், வந்தாள். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே இன்னொரு குடம் பிடித்து வைத்தாள். தன் வீட்டைப் பூட்டினோமா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். “உக்காருக்கா, எனக்கே படபடன்னு வருது” என்றாள் சுப்ரியா.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று பயந்தார்கள். நல்லவேளை, விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டது. கீறலுக்கு வந்ததும் டிரைவ் கர்ரென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. டிரைவே போய்விடுமோ என்று சுப்ரியா அதன் மேல் கை வைத்துப் பார்த்தாள். மாதேஸ்வரி அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள். சாயங்காலம் நாலரைக்கு நூறு என்று காட்டியது.

ஓட்டினார்கள். படம் அங்கங்கே கட்டம் கட்டமாக உடைந்தது. ஆனாலும் கோபியின் கை தெரிந்தது. பின்னால் குனிந்து சாந்தம்மா முடிச்சை இறுக்கிவிட்டு, சிரித்தபடி கேமராவைப் பார்த்தாள். சுப்ரியா அதை இரண்டு டிவிடியில் அடித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஒரிஜினல் கோர்ட்டுக்குப் போனது. வழக்கைத் தள்ளி வைத்தார்கள். வராந்தாவில் சாந்தம்மா அவளைத் தேடி வந்தாள்.

“டிவிடி குடுத்துகிறியாமே. அதுல நானும் கீறனா?”

“கீற. முடிச்சு போட்டுட்டு சிரிக்கிற. வூட்ல இன்னும் ரெண்டு இருக்குது.”

சாந்தம்மா செல்போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த வாய்தாவுக்குக் கோபி சமரசம் பேச ஆள் அனுப்பினான். மாதேஸ்வரி மசியவில்லை. கல்யாணம் நடந்ததை முதலில் எழுத்தில் ஒத்துக்கொள்ளட்டும், மற்றதை அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு, செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.