ஜுசு தூங்கவில்லை

டென்னே வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பாயில் அவள் தம்பி ஜுசு, ஊர்த் தறியில் நெய்த வெள்ளைத் துணிக்குள். குளிப்பாட்டியாயிற்று, குழியும் வெட்டியாயிற்று. தூக்க வேண்டிய நாலு பேரும் அவளைத் தாண்டிப் போக முடியாமல் மரத்தடியில் நின்றார்கள்.

"எழுந்திரும்மா. மழை வரதுக்குள்ள மண்ணுல வெச்சிடணும்" என்றார் சித்தப்பா கல்லோன். ஊருக்கு மூப்பர் அவர்தான்.

"வைக்கலாம் சித்தப்பா. டிரைவர் வரட்டும்."

"அந்த ஃப்ரீடவுன் பட்டணத்துக்காரரா? அவர் எதுக்கு இங்க வரப்போறார்?"

"வருவார். என்ஜின் தண்ணி குடிக்க இங்கதானே நிக்கணும். துக்க வீட்டுக்குன்னு கோலாக் கொட்டை நாலு குடுத்துட்டு நல்லவராப் போகலாம்னு வருவார், பாருங்க."

ஜுசுவின் வேலை என்ஜினின் மூக்கில் உட்கார்வது. அவன் ஒரு பக்கம், மோமோ ஒரு பக்கம். மழைக்காலத்தில் மேடு ஏறும்போது சக்கரம் வழுக்கும். மடியில் இருக்கும் மணலை அள்ளி அள்ளித் தண்டவாளத்தில் போட வேண்டும். மணல் தானாக விழ என்ஜினிலேயே ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டு மூன்று மாதம். முந்தாநாள் மேட்டில் ஜுசு கீழே விழுந்தான். நேற்று ஸ்டேஷன் எழுத்தர் எல்லார் முன்னாலும் காகிதம் வாசித்தார்: மணல்காரன் வேலையில் தூங்கி விழுந்தான். டிரைவர் சாட்சிக் கையெழுத்து.

இன்று காலை தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் யாரோ ஜுசுவின் மகளை "தூங்குமூஞ்சி பெத்த பொண்ணு" என்றார்கள். அவள் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"ஆடு ஏறுற மேட்டுல ஏறத் தெரியல அந்த என்ஜினுக்கு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "அதுக்குத் தொண்டை அடைச்சதை எழுத ஒரு காகிதம் கிடைக்கல. செத்தவனுக்கு மட்டும் கிடைச்சுது."

"மெதுவாப் பேசு. ரயில்வே துரையோட பெட்டியும் இன்னிக்கு வண்டியில சேர்ந்து வந்திருக்காம்."

"வரட்டும். அவருக்கும் காது இருக்கில்ல."

டிரைவர் டெக்கர் வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பூட்ஸ், கையில் இலையில் பொதிந்த கோலாக் கொட்டை. டென்னே கை நீட்டவில்லை. அவர் அதைக் கல்லோனிடம் கொடுத்தார்.

"நல்ல பையன்மா உன் தம்பி" என்றார்.

"நல்ல பையன். ஆனா தூங்கிட்டான், இல்லீங்களா ஐயா?"

"அதை நான் எழுதலம்மா. துரை எழுதினார். நான் கையெழுத்துதான் போட்டேன்."

"கையெழுத்துதானா? அது யாரோட கைங்க?"

டெக்கர் ஸ்டேஷன் பக்கம் பார்த்தார்.

"நான் வீட்டுல பாயில படுத்திருக்கேன். மூணு ஊருக்கு அந்தண்டை உங்க என்ஜின் வரும்போதே எனக்கு முழிப்புத் தட்டுது. அவன் அதோட மூஞ்சியிலயே உக்காந்து, கொட்டுற மழையில, மடி நிறைய மணலோட தூங்கினானா?"

டென்னே கல்லோன் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, தூக்கறதுக்கு முன்னால கேப்பீங்களே, அதைக் கேளுங்க."

கல்லோன் தொண்டையைச் செருமினார். "இந்த மனுஷன்மேல யாருக்காவது குத்தம் குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மண்ணு மூடின பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"ஐயாவுக்கு ஒரு குறை இருக்கு" என்றாள் டென்னே. "துரைகிட்ட சொன்னதை அவன்கிட்டயும் சொல்லட்டும். முகத்தைப் பார்த்து, 'ஜுசு, நீ தூங்கிட்டே'ன்னு. சொல்லிட்டார்னா நான் வழி விட்டுடறேன். அப்புறம் அவனைத் தூங்கினவன்னே சொல்லிக்குங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மோமோ அவளைப் பார்த்தான். என்ன நடந்ததென்று அவளிடம் ரகசியமாகச் சொன்னவன் அவன்தான். வேலை போய்விடும் என்று வெளியே சொல்ல மாட்டான். டிரைவர் சொல்லியே விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டது அவன் பார்வை. டென்னேவுக்கும் அதே கேள்விதான். பொய்யை ஒருமுறை எழுதினவருக்கு இன்னொரு முறை சொல்வதா கஷ்டம்? இருந்தாலும் நகர்ந்து, ஒரு ஆள் நுழைய வழி விட்டாள்.

டெக்கர் குனிந்து உள்ளே போனார். தலைமாட்டில் இருந்த ஜுசுவின் மனைவி மஸ்ஸா துணியை விலக்கினாள். மேலே தெரிந்த கன்னம் மட்டும் முழுசாக இருந்தது.

"ஜுசு" என்றார் டெக்கர்.

ஸ்டேஷனில் விசில் ஊதியது.

"ஜுசு, நீ..."

மறுபடி ஊதியது. டெக்கர் மண்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சக்கரம் நின்ன இடத்துலயே சுத்திச்சு" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "மணல் விழறதுக்கு முன்னால ஆவியை மூடணும். எனக்குத் தெரியும். முப்பது வருஷமாத் தெரியும். மூடினா வண்டி பின்னால வழுக்கும். அன்னிக்கும் பெட்டியில துரை, ஏற்கெனவே லேட்டு. மூடல. மணல் விழுந்ததும் சக்கரம் வெடுக்குனு பிடிச்சுது. என்ஜின் எகிறிச்சு. நீ கத்தினே. எனக்குக் கேட்டுது."

மஸ்ஸா துணியை மெல்ல மூடினாள்.

"வெளியில வந்து சொல்லுங்க" என்றாள் டென்னே.

"அம்மா, காகிதத்தை என்னால மாத்த முடியாது. என் வேலை..."

"காகிதத்தை எங்கள்ல யாரு படிக்கப்போறோம்? இவங்க காது கேக்கச் சொல்லுங்க. அவன் பொண்ணு நிக்குது பாருங்க, அது காது கேக்க."

அவர் வெளியே வந்து சொன்னார். முதலில் யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா" என்றார் கல்லோன். மறுபடி சொன்னார். "ஜுசு தூங்கல. நான்தான் ஆவியை மூடல." ஸ்டேஷனிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். "ஐயா, துரை கத்தறார்! வண்டி இன்னும் ஏன் எடுக்கலன்னு..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

டென்னே எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

நாலு பேர் தூக்கினார்கள். டெக்கர் ஐந்தாவதாகத் தோள் கொடுத்தார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விசில் விடாமல் ஊதியது. சந்துச் சேற்றில் அவருடைய ஒரு பூட்ஸ் மாட்டிக்கொண்டு கழன்றது. அவர் நிற்கவில்லை.

ஆண்கள் திருப்பத்தில் மறைந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பூட்ஸை எடுக்கக் குனிந்தாள்.

"கிடக்கட்டும்" என்றாள் டென்னே.

பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.