நூறு யூனிட்

மீட்டரின் தட்டு வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகல் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியின் துணியறைக்கு இவ்வளவு கரண்டு எதற்கு? மலாக்காவின் அரசாங்கக் கட்டடங்களில் மாதாமாதம் மீட்டர் பார்ப்பது சிவசாமியின் வேலை. வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டதிலிருந்து, போன மாதத்தைவிடக் கூடினால் சிவப்புப் பென்சிலால் கோடு போடவேண்டும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது ரேடியோ பேட்டரி ஏற்றுகிறார்களா என்று போலீஸ் வந்து துருவும். சித்திரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கோடு போட்டார். காவல்காரர் வீராசாமி ஒரு இஸ்திரிப்பெட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். போலீஸ் வேனில் ஏற்றிப்போன மனிதர் தீபாவளி நெருங்கியும் திரும்பவில்லை. அவர் மனைவி எதிரே வந்தால் சிவசாமி வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

கதவைத் தட்டினார். ஆயா முத்தாயி வழியை மறித்து நின்றாள். அவளுக்குப் பின்னால், பால் டின்கள் வந்த மரப்பெட்டியில் பஞ்சுக்குள் ஒரு குழந்தை. சுற்றி ஐந்து பல்புகள்.

"ஏழு மாசத்துல பொறந்தது அண்ணே. பெத்தவ போயிட்டா, அப்பன் காட்டுல இருக்கான். தங்காதுன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாரு. பதினாலு நாளா நான்தான் சூட்டுல வச்சிருக்கேன். கோடு போட்டீங்கன்னா என்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இது ஒரு நாள் தாங்காதுலா."

போன மாதம் 4293. இப்போது 4404. மீட்டரில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு முள்; நூறுக்கான முள் நாலை அப்போதுதான் தாண்டியிருந்தது. அந்த இடத்தில் புது ஆட்கள் மூன்று என்று படித்து ஏச்சு வாங்குவார்கள். பத்தொன்பது வருடத்தில் சிவசாமி ஒரு தடவைகூட வாங்கியதில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. 4304 என்று எழுதினார்.

பயத்தில் ஒன்றை மறந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலுள்ள பெரிய மீட்டரைப் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி விஜயரட்ணமே பார்ப்பார். உள்ளே இருப்பவற்றைக் கூட்டினால் அதனோடு ஒத்துவரவேண்டும். யாழ்ப்பாணத்து மனிதர், ஒரு யூனிட்டைக்கூட விடமாட்டார். மாலையில் ஆபீஸில் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சரியா நூறு குறையுது, சிவசாமி. நூறெண்டால் முள்ளைப் பிழையாப் பாத்திருக்கு. ஆர், நீரோ நானோ?"

"தெரியலைங்க ஐயா."

"காலமை ரெண்டு பேரும் போய் ஒவ்வொண்டாப் பாப்பம்." சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. பல்பை அணைக்கச் சொன்னால் குழந்தை போய்விடும். அணைத்தாலும் ஏறிய முள் இறங்கப்போவதில்லை.

மறுநாள் காலை கடைசியாகத் துணியறைக்கு வந்தார்கள். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. கதவுக்கடியில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே குழந்தை மெல்லிய குரலில் அழுதது, முத்தாயி அதை அமர்த்துவதும் கேட்டது. கிராணியின் கை சட்டைப்பைக்குப் போனது.

"வீராசாமிக்கு நான்தான் ஐயா கோடு போட்டேன்" என்றார் சிவசாமி. அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அதுக்குக் கீழ கையெழுத்து என்ர."

விஜயரட்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையில் பென்சிலின் பக்கத்தில் வைத்தார். நோட்டை விரித்து மீட்டருக்கு முதுகு காட்டி நின்றார்.

"வாசியும், நான் எழுதுறன். வாசல் மீட்டரை நான்தான் பிழையாப் பாத்திட்டன்."

"நாலாயிரத்து முந்நூத்தி..." என்று சிவசாமி வாசிக்கத் தொடங்கினார். உள்ளே அழுகை நின்றிருந்தது. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.