நாச்சிக்குத் தண்ணி இல்லை

வெயில் ஏறியும் ஒருத்தர்கூட வரவில்லை. கோகிலவாணி அரிவாளும் கையுமாக மேட்டில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமைக் கதிர் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. கிழக்கே மேகம் கூடிக்கொண்டு வருகிறது. இனி ஒரு மழை பெய்தால் அத்தனையும் மண்ணோடு போகும். அவள் புருஷன் பூபதி மட்டும் ஒரு மூலையில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். ஒற்றை ஆள் அறுத்து முடிகிற காடா அது?

மலைமேல் வாழவந்தி நாட்டில் அறுவடை என்றால் மாத்தாள்தான். இன்றைக்கு நான் உன் காட்டுக்கு வந்தால் நாளைக்கு நீ என் காட்டுக்கு வருவாய். போன வாரம்தான் பொன்னம்மாள் காட்டில் இடுப்பு ஒடிய அறுத்துக் கொடுத்தாள் கோகிலா. சின்னுசாமி காட்டிலும் அறுத்தாள். மாத்தாள் வராமல் போனால் ஊரில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் அந்த வீட்டை ஒதுக்கியிருக்க வேண்டும். சாவு எதுவும் இல்லை. அப்படியென்றால் ஒதுக்கிவிட்டார்களா? அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நேராகப் பொன்னம்மாள் வீட்டுக்குப் போனாள்.

பொன்னம்மாள் வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. அந்த மலையில் யார் வாசலில் யார் நின்றாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். அன்றைக்குச் சொம்பும் வரவில்லை.

"ஏனுங்க அத்தை, தண்ணிகூடக் குடுக்க மாட்டீங்களா?"

"தீ வச்ச கைக்கு நான் தண்ணி ஊத்தறதில்ல."

"யாருங்க தீ வச்சா?"

"நாச்சி வச்சா. நாச்சிய எழுதுனது நீதானே? நீ கல்யாணத்துக்கு முள்ளுக்குறிச்சி போயிருந்தப்ப பசங்க போன்ல எறக்கியாந்த கதைய டீக்கடையில ஊரே உக்காந்து கேட்டுச்சு. 'கதை, கோகிலவாணி'ன்னு ஓம் பேரைச் சொல்லிப்போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. வெளஞ்சு நிக்கற சாமையில தீய வைக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு கண்ணு? என்ற காடு எரிஞ்சத நீயுந்தானே பாத்த?"

கோகிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாச்சி தீ வைத்தாளா? அவளா?

நாச்சி என்பவள் உலகத்தில் எங்கேயும் இல்லாதவள். கோகிலா தன் கைபேசியில் எழுதி, ஒரு கதைச் செயலிக்கு அனுப்பி, அவர்கள் அதை ஆள் வைத்துப் பேசவைத்து வெளியிடும் மாயக் கதையின் நாயகி. மேகத்துக்கு மேலே ஒன்பது நாடுகள். அதில் ஒரு நாட்டின் தலைவி. அந்த உலகத்தில் சண்டை என்றால் கண்டபடி வெட்டிக்கொள்வது கிடையாது. மஞ்சுப்போரில் மூடுபனிக்குள் நின்று தன் பேரை உரக்கச் சொன்ன பிறகே ஈட்டியை ஓங்க வேண்டும். சொல்லாமல் எறிந்த ஈட்டி, எறிந்தவன் முதுகுக்கே திரும்பிவிடும். ஊற்றுப்போரில் ஆயுதமே ஆகாது, மல்லுக்கட்டுத்தான். எவன் கால் பட்டு ஊற்று கலங்குகிறதோ அவன் தோற்றான். எல்லாவற்றிலும் பெரியது மாத்தாள் போர். சண்டைக்கு முன்னால் இரண்டு நாடும் ஆட்களை மாற்றிக்கொள்ளும். உன் தம்பி என் படையில் நிற்பான், என் தங்கை உன் படையில் நிற்பாள். அப்புறம் எவனுக்குக் கை துணியும்? இந்தப் போர்களை எல்லாம் அவள் வேறு எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. எல்லாம் இந்த மலையில் கண்டதுதான்.

எரிபோர் என்று ஒன்றும் அங்கே உண்டு. ஆனால் யாரும் செய்யக் கூடாதது. நின்ற பயிரில் தீ வைத்தவருக்கு ஒன்பது நாட்டிலும் தண்ணீர் கிடையாது. இதுவும் மலையில் உள்ள வழக்கம்தான். பொன்னம்மாள் காடு எரிந்த அன்றைக்கு அந்தச் சட்டத்தைக் கதைக்குள் எழுதி வைத்தவளே கோகிலா. அவளையே இன்றைக்குத் தீ வைத்தவள் என்கிறார்கள்!

சிக்னல் கிடைப்பது வளைவுப் பாறையில் மட்டும்தான். மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து கேட்டாள். 'கதை, கோகிலவாணி' என்று ஒரு குரல் கணீரென்று சொன்னது. அவள் எழுதிய மாத்தாள் போரைக் காணவே காணோம். அதற்குப் பதிலாக முரசு முழங்கியது. நாச்சி வெறி பிடித்தவள் மாதிரிச் சிரித்தாள். எதிரி நாட்டுச் சாமைக் காடு சடசடவென்று எரிந்தது. "எரியட்டும்! எல்லாம் எரியட்டும்!" என்று நாச்சி கத்தினாள். கோகிலா பட்டென்று நிறுத்தினாள். பெற்ற பிள்ளையை எவனோ கூட்டிக்கொண்டுபோய்த் திருடப் பழக்கிவிட்ட மாதிரி இருந்தது.

செயலியில் கதைகளைப் பார்த்துக்கொள்கிற வனிதாவைக் கூப்பிட்டாள். சென்னைப் பெண். எப்போதும் சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். போன எபிசோட் செம ஹிட். இதுவரைக்கும் இவ்வளவு பேர் கேட்டதே இல்ல."

"நாச்சி எப்பங்க தீ வச்சா? நான் அப்படி எழுதவே இல்லீங்களே."

"மாத்தாள் போர் ஆடியோல புரியல அக்கா. யார் எந்தப் பக்கம்னே தெரியல. ஒரு போர்க்கதைன்னா மக்களுக்குத் தீ வேணும், சத்தம் வேணும். பேரைச் சொல்லிட்டு அடிக்கிறது, தண்ணி கலங்கக் கூடாதுங்கிறது, இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு. ஆனா எத்தனை நாளைக்கு? ஒலிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்னு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"ஒலின்னா சத்தம்னு நெனச்சேங்க. நாச்சியையே மாத்துவீங்கன்னு நெனக்கல."

"ஃபீல் பண்ணாதீங்க அக்கா. மனுஷங்க யாரும் சாகலையே. எரிஞ்சது வெறும் சாமைதானே."

வெறும் சாமையாம்! உழுது, விதைத்து, களை பிடுங்கி, பன்றி வராமல் இருக்கக் குளிரில் காவல் கிடந்து வளர்த்தது வெறும் சாமையாம். கோகிலாவுக்கு வாயில் வந்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. நாச்சி இன்னும் இவர்கள் கையில் இருக்கிறாள்.

"கடைசி எபிசோடுக்கு என்னங்க பண்ணப் போறீங்க?"

"மகுடம் சூட்டிடலாம். ஒன்பது நாட்டுக்கும் ராணி. நாளைக்கு ரெக்கார்டிங். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. இல்லேன்னா நாங்களே எழுதிக்கிறோம்." வனிதாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்களுக்குச் சங்கடமா இருந்தா ஒண்ணு பண்ணலாம் அக்கா. உங்க பேரை எடுத்துடறோம். சீசன் முடிஞ்சதும் நான் மலைக்கு வரேன், அருவி பாக்கணும். உங்க வீட்லதான் சாப்பாடு, சரியா?"

பேரை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஊரில் போய், அது என் கதை இல்லை என்று சொல்லிவிடலாம். நாளைக்கே மாத்தாள் வந்துவிடும், சாமையும் தப்பிவிடும். கோகிலா ஒரு கணம் மேகத்தைப் பார்த்தாள். பேரை எடுத்த பிறகு நாச்சிக்கு யார் இருக்கிறார்கள்? தீயை வைத்துவிட்டு மகுடமும் சூடிக்கொண்டு, அது சரிதான் என்று காலம் முழுக்கக் கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

"என்ற பேரு இருக்கட்டுங்க. சாயங்காலம் அனுப்பறேன்."

திரும்பி வந்தபோது பொன்னம்மாள் வாசலில் நாலைந்து பேர் கூடி இருந்தார்கள். டீக்கடைக்காரர் சின்னுசாமியும் இருந்தார். கோகிலா அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நான் தீ வைக்கச் சொல்லலீங்க," என்றாள். "எழுதி அனுப்புனத அவிய மாத்திப்போட்டாங்க. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். அவளுக்கு நாளைக்கு மகுடம் வைக்கப் போறாங்களாம்."

"மகுடமா?" சின்னுசாமிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பயிரை எரிச்சவளுக்கா? எந்த ஊரு நாயமுங்க இது?"

"அத அவகிட்டயே கேளுங்க. இந்தா, போன்ல பதியுது. நாச்சி உங்க வாசல்ல வந்து நின்னு தண்ணி கேக்கறா. உங்க வாயால பதில் சொல்லுங்க."

சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். கண் முன்னே ஒருத்தி நிற்பது மாதிரியே பேசினார். "தள்ளி நில்லு சாமி. என்ற கடையில டீயும் இல்ல, தண்ணியும் இல்ல." அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, "என்ற கெணத்துப் பக்கம் வராத," என்றாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கதைக்காகச் சொன்ன குரல் அதில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பொன்னம்மாள் கையில் இருந்த மிளகை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"நாச்சியா? நல்லா இரு கண்ணு. போன வருசம் இதே ஐப்பசியில என்ற காடு எரிஞ்சுது. சுத்திப் பாக்க வந்தவிய சிகரெட்டை வீசிப்போட்டுப் போயிட்டாங்க. நான் சாக்கை நனைச்சு நனைச்சு அடிச்சேன். அடங்கல. பொழுது சாயற வரைக்கும் கருகுன தட்டைக்குள்ளயே உக்காந்திருந்தேன். அப்புறம் கீழயிருந்து பாக்க வந்தவிய எல்லாம் சாமைதானே, போவுதுன்னாங்க. நீ ஒன்பது நாட்டுக்கும் ராணியா இரு. என்ற ஊட்டுல ஒனக்குத் தண்ணி இல்ல."

பொன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் சொம்பு இருந்தது. அதைக் கோகிலாவிடம் நீட்டினாள். கோகிலா அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"அருவா எங்க கெடக்குது?" என்றாள் பொன்னம்மாள். "நட, மழை வாரதுக்குள்ள அறுப்போம்."

மத்தியானத்துக்கு மேல் காடு நிறைய ஆள். கோகிலா மட்டும் நடுவில் பாறைக்கு ஓடிப்போய், பதிந்ததை அப்படியே வனிதாவுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி எழுதினாள்: மகுடம் வாங்கப் போகிற வழியில் நாச்சி ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் கேட்கிறாள், இதுதான் கடைசிப் போர், இதற்கு மேல் எதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"அக்கா, சூப்பர்! ஒரிஜினல் மலைக் குரல்! எங்க டீம்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நடுவுல ஒரு நிமிஷம் போட்டுக்கறோம். அந்தப் பாட்டி சிகரெட் கதையெல்லாம் வேண்டாம், 'தண்ணி இல்ல' மட்டும் போதும். அப்புறம் நேரா மகுடம்."

"வேண்டாமுங்க. முழுசாப் போடுங்க. அதோட கதை முடிஞ்சுது."

"ஹீரோயினுக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்காம எப்படி அக்கா முடிக்கிறது? ரொம்பக் கொடூரமா இருக்காது?"

கோகிலா சிரித்துவிட்டாள். காட்டை எரித்தபோது வராத கொடூரம் இப்போதுதான் வருகிறது.

"சீசன் முடிஞ்சதும் மலைக்கு வாரேன்னீங்களே, ஞாபகம் இருக்குங்களா?"

"கண்டிப்பா அக்கா, டிக்கெட்கூடப் பாத்துட்டேன்."

"வாங்க கண்ணு. ஒரு வார்த்தை வெட்டாமப் போட்டுட்டு வாங்க, புதுச் சாமையில சோறாக்கிப் போடறேன். வெட்டிப்போட்டு வாரதா இருந்தா, அடிவாரத்துல, காளப்பநாயக்கன்பட்டியில பஸ் நிக்கறப்பவே தண்ணி பாட்டில் வாங்கிக்குங்க. மேல வந்தா உங்களுக்கு யார் ஊட்டுலயும் கெடைக்காது."