மை வைக்கும் அளவு கிரீஸ்

1

அன்று காலை முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தங்கை, தங்கையின் ஒரே மகள், எதிர்வீட்டு மெக்கானிக். ஐந்தாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். இப்போது அந்தக் காலையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் தாங்களும் பக்கத்தில் நின்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதை எழுதச் சொன்னது தங்கைதான். "ஆளுக்கொண்ணு பேசுறாங்க அண்ணா. நீங்களே எழுதிடுங்க" என்றாள். நான் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தவன். அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே தலை நரைத்தவன். சொந்தமாக எழுதுவது இதுவே முதல் தடவை. அடித்ததையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். மறைத்தேன் என்று நாளை யாரும் சொல்லக் கூடாது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்த வண்டி வாசலுக்கு வந்த நாளே என் மனது" (நிறுத்திவிட்டேன். சகுனம் பேசுவது எங்கள் குடும்பத்தில் இல்லை.)

"இயந்திரம் என்பது மனிதனைப் போல" (இல்லை. இயந்திரம் இயந்திரத்தைப் போலத்தான்.)

மூன்றாவது இது: தங்கை மகள் பழைய மினிபைக் ஒன்றை வாங்கி வந்தாள். முழங்கால் உயரம், சின்னச் சக்கரங்கள். பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். முன்சக்கரத்துக்குக் கிடையவே கிடையாது. அந்த ரகமே அப்படி. எங்கள் தெருவிலிருந்து அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இறக்கமான சாலை. மூன்று வளைவுகள். மூன்றாவது வளைவு முடிகிற இடத்தில் லாரிகள் ஓடும் பெரிய சாலை.

வாங்கிய வாரத்திலேயே பிரேக் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. பிடியை விட்ட பிறகும் பிரேக் விடாது. சக்கரம் முனகிக்கொண்டே சுற்றும். ஒருநாள் வீடு வந்ததும் சக்கரத்தின் நடுக்குடத்தில் ஈரக்கையை வைத்துவிட்டு, "மாமா, சுட்டுடுச்சு!" என்று கத்தினாள். இறக்கத்தில் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, பின்னால் ஒரு லாரியும் வந்தால்? அன்றிலிருந்து அவள் வண்டிச் சத்தம் கேட்கும்வரை பெரிய சாலை லாரிச் சத்தங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

3

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தட்டை வெளியே எடுத்தேன். நடுக்குடத்தை உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்துகிற, பிறை வடிவ ஷூக்கள் இரண்டு; அவற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங்குகள். ஷூக்களை அகட்டுகிற கேம் என்ற சின்ன இரும்புத் திருகி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அது திரும்பி வராததால்தான் ஷூவும் விலகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரலால் தள்ளினால் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் மெக்கானிக் தன் ஏணியைத் திருப்பி வாங்க வந்தார். நான் கிரீஸ் டப்பாவைத் திறப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஐயா, கண்ணுக்கு மை வைக்கிற அளவு போதும். கேமுக்கு மட்டும். ஷூ மேல பட்டா அவ்வளவுதான்."

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாலேயே நான் மெஷினுக்கு கிரீஸ் போட்டவன்."

"போட்டிருப்பீங்க ஐயா. உங்க மெஷின் நிக்கிற இடத்துலயே ஓடும். இது ஓடுற இடத்துல நிக்கணும்."

தங்கை மகள் சிரித்துவிட்டாள். தங்கை அவளை முறைத்தாள். நான் இரண்டு விரலால் அள்ளித் தடவினேன். அச்சகத்தில் அதுதான் என் பாடம்: கிரீஸுக்குக் கஞ்சம் பார்த்தால் இயந்திரம் பழிவாங்கும். உருளைகளுக்கு அது சரி.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. வெளியாள் முன்னால் மூத்தவரை யாரும் திருத்தக் கூடாது. என் அப்பா போட்ட விதி. அதைக் காத்தவன் நான்.)

மாட்டி முடித்தேன். சக்கரம் ஓசையில்லாமல் சுற்றியது. தங்கை மகள் முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டி, பிடித்துப் பார்த்தாள். பிடித்தது. விட்டதும் விட்டது. "மாமான்னா மாமாதான்!" என்றாள். பரிசோதனைக் கூடத்தில் அன்று அவளுக்கு ஞாயிறு முறை; நேரமாகிவிட்டது. கிளம்பினாள். மெக்கானிக்கும் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

4

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். முதல் பிரதியில் கிரீஸ் தடவியவர் மெக்கானிக். ஆம், அப்படித்தான் எழுதினேன். வாக்கியமும் அழகாக வந்தது: "மெக்கானிக் குனிந்து, தாராளமாக" என்று. அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது. பாத்திரத்தின் மேல் பழியைப் போடுவது எழுதுகிறவனுக்கு எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நடந்தது இது. மகள் போன பிறகு தங்கை கிரீஸ் டப்பாவை எடுத்து மூடினாள். மூடிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா... ஷூ மேலயும் பட்டுச்சு."

"என்ன?"

"நீங்க தடவினப்ப வழிஞ்சுது. உள்பக்கமா. நான் பாத்தேன்."

"பாத்தியா? அப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

"வெளி ஆள் இருந்தாரே அண்ணா."

அவளைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. அவளை அப்படி வளர்த்தவன் நான்தான்.

தங்கை மகளுக்குப் போன் போட்டேன். ஜன்னல் விளிம்பிலேயே மணி அடித்தது. அவள் போனை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்த வாக்கியத்தை "உடனே எதிர்வீட்டுக்கு ஓடினேன்" என்று எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "உடனே இல்ல அண்ணா. துணியை எடுத்து விரல் விரலா துடைச்சீங்க."

உண்மை. பத்து விரலையும் துடைத்தேன். நகக்கண்களைக்கூடத் துடைத்தேன். அழுக்குக் கையோடு அவர் வாசலில் போய் நிற்கக் கூடாது என்று தோன்றியது. அது எத்தனை நிமிடம் என்று தங்கை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் தங்கை மகள் முதல் வளைவைத் தாண்டியிருப்பாள்.

5

மெக்கானிக் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னேன்: "தப்புப் பண்ணிட்டேன். அதிகமாத் தடவிட்டேன்."

கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்தது. அதற்குப் பதில் கிண்டல் செய்திருக்கலாம்.

"ஷூவுல பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"ஐயா, ஆறிப்போயிருக்கறப்ப பிடிக்கும். ரெண்டு தரம் அழுத்தினா சூடாகும். சூடானா கிரீஸ் உருகிப் பூராவும் பரவிடும். அப்புறம் பிடிய எவ்வளவு இறுக்கினாலும் வண்டி நிக்காது. ஏறுங்க."

அவர் வண்டியின் பின்னால் ஏறினேன். வாழ்நாளில் அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தவன் இல்லை. அன்று இரண்டு கையாலும் பிடித்தேன்.

முதல் வளைவின் தூசியில் சின்னச் சக்கரம் இழுத்த கோடு தெரிந்தது. அழுத்தமான கோடு. "பிடிச்சிருக்கு" என்றார் மெக்கானிக்.

இரண்டாவது வளைவிலும் கோடு இருந்தது. பாதியில் அது, சக்கரம் தடையில்லாமல் உருண்ட வெறும் தடமாக மாறியிருந்தது. மெக்கானிக் வேகத்தைக் கூட்டினார். அவர் தோள் கல்லாக இறுகியது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

மூன்றாவது வளைவு அங்கிருந்து தெரியாது. நடுவில் ஒரு நீண்ட மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அடித்தது நிற்கவே இல்லை.

6

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் மதிலோரம் மணல் குவியலில் வண்டியை ஏற்றிவிட்டுச் சிரிக்கிறாள். ஒன்றில் லாரிக்காரர் கீழே இறங்கி ஓடி வருகிறார். இன்னொன்றை எழுதிய கையோடு கிழித்தேன். அந்த மாதிரி ஒன்றை எழுதி வீட்டுக்குள் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை.

மீதி இரண்டில் எதைப் போடட்டும் என்று தங்கை மகளிடமே கேட்டேன். எதிர் நாற்காலியில், கட்டுப் போட்ட இடது காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மொத்தத்தையும் படித்தாள். அன்றுதான் முதல்முதலாக, வாசலில் கறிகாய்க்காரர் நிற்கும்போதே என்னைத் திருத்தினாள்.

"எதையும் போடாதீங்க மாமா. மதிலுக்கு அந்தப்பக்கம் நீங்க இல்ல, நான்தான் இருந்தேன். அங்க நான் எவ்வளவு பயந்தேன்னு உங்களால எழுத முடியாது."

ஆகவே முடிவு இங்கே இல்லை. வேண்டுமென்றால் அந்த மதிலோரம் நீங்களே போய் நின்று பாருங்கள். என்னால் இன்னும் முடியவில்லை. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

புத்தகத்தில் பிழை நேர்ந்தால் கடைசியில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி அனுப்புவது எங்கள் அச்சக வழக்கம். இதற்கும் ஒன்று இருக்கிறது.

மெக்கானிக் கை வைத்ததால்தான் பிரேக் கெட்டது என்று எங்கள் உறவினர்கள் பேசி வருகிறார்கள். அது தவறு. அவர் அந்தச் சக்கரத்தைத் தொடவே இல்லை. கிரீஸ் தடவியது நான்.