வீட்டுக்கு வீடு போன கோழி

“கோழியை அடிக்காதீங்க அத்தை, சொன்னாக் கேளுங்க” என்று ஒற்றைக் காலில் நின்றாள் மூ வா டீச்சர். “காசு குடுக்கிறவங்க வர்றாங்க. கோழிக்குழம்ப முன்னால வெச்சுட்டு, பிள்ளைங்களுக்குச் சோறில்லன்னு எந்த வாயால சொல்றது?”

“அதுக்காக வர்றவளுக்கு மீன் விழுதும் மிளகாயும் வெச்சு அனுப்பவா? வீட்டையும் வயலையும்தான்டி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தோம். மானத்தையுமா விட்டுட்டு வந்தோம்?”

சொன்ன கையோடு நான் கோழியை அடித்துவிட்டேன்.

எங்கள் அகதி முகாமின் பாலர் பள்ளியில் மதியச் சோறு ஆக்குபவள் நான். மூ வா அங்கே தலைமை டீச்சர். சோற்றுக்குப் பணம் தந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இந்த மாதத்தோடு சரி. நார்வேயில் ஒரு சின்ன அமைப்பு, நிலைமையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு தருகிறோம் என்று இங்கர் என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. அவள் போய் ‘தேவை’ என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சோறு. இல்லாவிட்டால் பானையைக் கவிழ்த்துவிட்டு நானும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இங்கர் வந்தாள். மூங்கில் ஏணியில் ஏறும்போது வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, தானே சிரித்தாள். எங்கள் கரேன் பேச்சை, பக்கத்து நகரமான மேசோட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் படித்தவள். பாதிரியார் ஜெபம் வாசிப்பதுபோல இருக்கும் அவள் பேசுவது.

“அம்மையீர், தங்களுக்கு உணவு போதுமானதாகக் கிடைக்கிறதா?”

“கடவுள் புண்ணியத்துல ஒரு குறையுமில்லம்மா. நீ சாப்பிடு.”

அது நான் சொன்னதில்லை. பழகிய வாய் தானாகச் சொன்னது. விருந்தாளியிடம் யாராவது குறையைச் சொல்வார்களா? மூ வா கண்ணாலேயே என்னைச் சுட்டாள்.

இங்கர் ஒரு துண்டுதான் எடுத்துக்கொண்டாள். எழுந்திருக்கும்போது பக்கத்து வீட்டு பேலே வாசலில் வந்து நின்றாள். “எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிடாமப் போயிடுவியாம்மா? நாங்க என்ன பாவம் பண்ணோம்?”

எங்களிடம் அப்படித்தான். ஒரு வீட்டில் கை நனைத்தவர், கூப்பிடுகிற வீட்டிலெல்லாம் ஒரு வாயாவது சாப்பிட்டாக வேண்டும். இங்கருக்கும் அது தெரிந்திருந்தது. தலையாட்டினாள்.

பேலே என் காதருகே குனிந்தாள். “அக்கா, எங்க வீட்டுல கீரைத்தண்ணிதான் இருக்கு. அந்தக் குழம்ப இப்படித் தள்ளு.”

“கூப்பிடறதுக்கு முன்னாடி இது தெரியாதா உனக்கு?”

“நீ மட்டும் கூப்பிட்டு, நான் கூப்பிடாம இருந்தா ஊரு என்ன சொல்லும்?”

அவள் புருஷன் எக்ளர் பின்பக்கமாகக் கிண்ணத்தோடு ஓடினான். நாங்கள் முன்பக்கம் மெதுவாக நடந்தோம். வழியில் இருந்த பூசணிக்கொடியை எல்லாம் நான் இங்கருக்குக் காட்டினேன். காய்க்காத கொடியையும் காட்டினேன். பேலே வீட்டுப் பாயில் குழம்பு எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. இங்கர் ஒரு வாய் சாப்பிட்டாள். அதற்குள் எதிர்வீட்டு லா சே கூப்பிட்டுவிட்டாள்.

லா சே வீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். பாய் விரித்தாயிற்று, தட்டு வைத்தாயிற்று. குழம்பைக் காணோம்.

“வெந்துட்டிருக்கு” என்றாள் லா சே. அவள் அடுப்பில் புகையே இல்லை.

“மழை வரும்போல” என்றேன் நான். வானம் பளிச்சென்று இருந்தது.

முன்வாசல் ஏணியில் தடதடவென்று சத்தம். பின்பக்கச் சேற்றில் வழுக்கிய எக்ளர், சட்டையெல்லாம் மஞ்சள் குழம்போடு, கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இங்கருக்கு நேர் எதிரே வந்து நின்றான்.

“கொஞ்சந்தான் கொட்டுச்சு அக்கா!” என்றான் பெருமையாக.

இங்கர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

“இந்தக் கோழியும் நானும் முன்பே அறிமுகமானவர்கள்” என்றாள்.

முதலில் வெடித்துச் சிரித்தது பேலே. அப்புறம் எல்லோரும். லா சே பாயிலேயே சாய்ந்துவிட்டாள். எனக்கோ சிரிப்பும் வந்தது, முகம் கூசவும் செய்தது.

அந்தச் சந்தடியில் மூ வா, லா சேயின் அடுப்பிலிருந்த பானையைத் தூக்கிவந்து இங்கர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். தண்ணீராக ஓடிய கஞ்சி. மேலே நாலு பூசணியிலை.

“தினமும் இதான். ரேஷனக் குறைச்சதுலேருந்து மாசக்கடைசில இதுவும் இல்ல. பிள்ளைங்க வயிறு நிறையச் சாப்பிடறது எங்க பள்ளிக்கூடத்துல மட்டுந்தான்.”

“அடியே மூ வா, மூடுடி அதை” என்று லா சே பதறினாள்.

இங்கர் மூட விடவில்லை. அகப்பையை எடுத்து, அந்தக் கஞ்சியைத் தன் தட்டில் ஊற்றிக் குடித்தாள். “முதல் வீட்டில், இங்கே நிலைமை நன்று என்று எழுதத்தான் நினைத்தேன்” என்றாள் மெதுவாக. “எங்கள் கூட்டத்தில் இன்று நடந்ததை அப்படியே சொன்னால் பணம் கிடைக்கும். சொல்லலாமா? தாங்கள் வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோழி என்னுடையது அல்லவா? முன்பின் தெரியாத ஒரு நாட்டில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் எங்கள் அடுப்பைப் பற்றிப் பேசுவார்கள். நினைத்தாலே உடம்பு குறுகியது. ஆனால் நாளைக்குத் தட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்கப்போவது அவர்கள் இல்லையே, எங்கள் பிள்ளைகள்தானே.

“சொல்லிக்கோம்மா. எக்ளர் சட்டையப் பத்தியும் சொல்லு, சிரிக்கட்டும். ஆனா கூப்பிட்டதெல்லாம் நெசமாத்தான் கூப்பிட்டோம். அதையும் சேத்துச் சொல்லணும்.”

“அதைத்தான் முதலில் சொல்வேன்.”

மீதிக் குழம்பைப் பாலர் பள்ளிக்கு எடுத்துப்போய்ச் சோற்றில் பிசைந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தோம்.

மாதம் முடிவதற்குள் மூ வா போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

“அத்தை, ஒரு வருஷத்துக்குக் கெடச்சிருச்சு! முட்டைக்கும் சேத்து!”

“சரி, சரி. உக்காந்து மூச்சு விடு. பெரிய பானைக்கு ஒரு பிடி ஒடஞ்சு கெடக்கு. அதுக்கு ஆளப் பாரு முதல்ல.”