கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் நண்பன் ஒருவன் சொன்ன கதை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். வேலை முடிந்து மினிபஸ்ஸில் வீடு திரும்புவான். அந்த வண்டியில் மணி கிடையாது. இறங்குகிறவர்கள்தான் ஓட்டுநருக்குக் கேட்கும்படி “நிறுத்துங்க” என்று குரல் கொடுக்க வேண்டும். இவனுக்கு அந்தக் குரல் வராது. வேறு யாராவது அவன் வீட்டருகே நிறுத்தச் சொன்னால் கூடவே இறங்கிக்கொள்வான். சொல்லாவிட்டால், வண்டி தானாக நிற்கும் கடைசி நிறுத்தம்வரை போய், பதினைந்து நிமிடம் திரும்பி நடப்பான். மூன்று வருஷமாக இப்படித்தான்.

(“ஒரு வார்த்தைதானே, இப்படியும் ஒருத்தன் இருப்பானா?” என்று என் பதிப்பாசிரியர் கேட்டார். அவர் பஸ் ஏறி ரொம்ப நாளாகிறது போலிருக்கிறது.)

2

தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்.

‘மேகம் கறுத்திருந்த ஒரு மாலையில் அவன்—’

வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

‘இயல்பிலேயே அடக்கமானவனான அவன்—’

இங்கே பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா பெருமையாகச் சொல்வாள்: “எம் பையன் இருக்குற இடமே தெரியாது.” அந்தப் பாராட்டை இத்தனை வருஷம் சான்றிதழ் மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன்.

‘எங்கள் வீட்டுக்கு’ என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை பக்கம்தான் மறைப்பது. நண்பன் என்று யாரும் இல்லை. லென்ஸ் தேய்க்கிறவன் நான்தான். இனி ‘நான்’ என்றே எழுதுகிறேன். கை கொஞ்சம் லேசாகிறது.

3

கடைசி நிறுத்தத்தில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. சும்மா இறங்கித் திரும்பி நடந்தால் கடைக்கார அம்மா என்ன நினைப்பாரோ என்று, முதல் நாளே ஒரு ரொட்டி வாங்கினேன்.

“வீடு இங்கதானா?” என்றார்.

எதிர்த் தெருவைக் காட்டி, “அங்க” என்றேன். அன்றிலிருந்து அங்கே இறங்கும்போதெல்லாம் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, பின்பக்கமாகச் சுற்றி வெளியே வரவேண்டியதாயிற்று. நடை இருபத்தைந்து நிமிடமானது. ஒரு பொய்யை மறைக்க ஆயிரம் பொய் என்பார்கள். எனக்கு மூன்று தெரு போதுமாக இருந்தது.

(இதையெல்லாம் நான் பயம் என்று நினைக்கவே இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காத நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.)

4

முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அக்கா, என்னோடு கொஞ்ச நாள் தங்க வந்தாள். மருத்துவரைப் பார்த்துவிட்டு மினிபஸ்ஸில் திரும்பினோம். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளால் இருபதடி நடப்பதே பெரும்பாடு. அன்று நான் சொல்லியே ஆகவேண்டும்.

முடிவு அ: வேறு யாரோ ‘நிறுத்துங்க’ என்கிறார்கள். அடித்துவிட்டேன். அதிர்ஷ்டத்துக்கு எதற்குக் கதை.

முடிவு ஆ: அவன் எழுந்து நின்று முழங்க, பயணிகள் எல்லோரும் கைதட்டி— சீ.

நடந்தது இதுதான். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எங்கள் வீட்டு நீலக் கதவு ஜன்னலில் வந்தது, போயிற்று. என்னை நானே அவ்வளவு வெறுத்ததில்லை.

5

“ஏண்டா, எங்க வந்துட்டோம்? நீயும் தூங்கிட்டியா?” என்றாள் அக்கா, இறங்கியதும்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் கடைக்கார அம்மா ஸ்டூலோடு வந்துவிட்டார். “அக்காவா? உக்காருங்க. வீடு இந்தா, எதிர்த் தெருதானே, மெதுவா போகலாம்.”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“என் வீடு அங்க இல்லங்க,” என்றேன். “மூணு வருஷமா பொய் சொல்லிட்டேன். வண்டிய நிறுத்தச் சொல்ல எனக்குப் பயம்.”

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைக்கார அம்மா யோசித்தார். “அதானா? அந்தத் தெருவுல நுழைஞ்சு இந்தப் பக்கமா வெளிய வருவீங்க. உடம்பு இளைக்க நடக்குறாரு போலன்னு நெனச்சேன். ஆனா வர்றப்பல்லாம் ரொட்டியும் வாங்குறாரேன்னுதான் புரியல.”

அக்கா சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா அடக்கம் அடக்கம்னு சொல்லும். நீ பயந்துக்கிட்டு இருந்தது எனக்கு அப்பவே தெரியும்டா. கேட்டிருக்கணும், கேக்கல.” ஸ்டூலை நகர்த்திக்கொண்டாள். “அடுத்த வாரம் திரும்ப டாக்டர்கிட்ட போகணும். நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன், ஆனா வாயத் திறக்க மாட்டேன். நீ சொன்னா வீடு. சொல்லலன்னா இங்க வந்து ரொட்டி தின்னுட்டுப் போவோம், அவ்வளவுதானே.”

கடைக்கார அம்மாவே ஒரு வாடகை வண்டியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

6

அடுத்த வாரம். “நிறுத்துங்க,” என்றேன். எனக்கே கேட்கவில்லை. அக்கா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணே, இங்க நிறுத்துங்க.” குரல் நடுவில் கீச்சிட்டது.

“ம்,” என்றார் ஓட்டுநர். அவர் திரும்பவில்லை. யாருமே திரும்பவில்லை. எதிர் சீட்டுப் பெண் காதைச் சொறிந்துகொண்டாள். வண்டி நின்றது. இவ்வளவுதானா? இதற்கா மூன்று வருஷம்? நீலக் கதவின் முன்னால் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

எங்களுக்குப் பின்னால் குடையோடு ஒரு பெரியவர் இறங்கினார். தயங்கித் தயங்கி அருகே வந்தார். “தம்பி, நானும் இங்கதான் இறங்குறவன். நீங்க தினமும் இந்த வண்டிதானா?”

“ஆமாங்க.”

“எத்தனை மணிக்கு?”

சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

7

பெரியவரை நம்ப முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்கிறார் பதிப்பாசிரியர். அக்காவோ, “எனக்குப் படியில கால் வைக்கவே நேரம் சரியா இருந்துச்சு, யார் எறங்குனா யார் பாத்தா,” என்கிறாள். ஒருவேளை நானே சேர்த்திருக்கலாம். மூன்று வருஷம் அந்த வண்டியில் நான் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேனே, அதற்காக.

மறுநாள் அவர் வந்தாரா, யார் குரல் கொடுத்தது என்று எழுதத் தொடங்கி— இல்லை. என் கதைகள் எப்போதுமே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டித்தான் போகும். இது ரொட்டிக் கடையில் முடிய வேண்டுமா, நீலக் கதவிலா, குடைக்காரரின் முறை வரும்போதா, நீங்களே சொல்லுங்கள். குரல் கீச்சிட்டாலும் பரவாயில்லை. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.