பளபளக்காத டிஸ்க்

பட்டறையில் பெட்டியைப் பிரித்ததும் மெக்கானிக் முருகையாவுக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே தங்க நிறத்தில் இரண்டு பிரேக் டிஸ்க்குகள், ஓரமெல்லாம் பூவிதழ் மாதிரி வெட்டப்பட்டிருந்தன. கல்யாண வீட்டு வாசலில் தொங்கவிடலாம். மணிக்கு நூற்றிருபதில் ஓடும் டூரிங் பைக்கை இதை நம்பியா நிறுத்துவது?

கொண்டுவந்தவன் விக்னேஸ்வரன். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர், பதினெட்டுப் பைக்குகள் கொண்ட கிளப்புக்குத் தலைவன். வெள்ளிக்கிழமை எல்லோரும் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் கிளம்புகிறார்கள். தலைவனுக்குத் தலைக்குள்ளும் ஏதாவது இருக்க வேண்டும் என்று அந்தக் கிளப்பில் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

"ஒன்லைன்ல வாங்கினேன் அண்ணே. ரிம் கலருக்கு மேட்ச் லா."

முருகையா அளவுக் கருவியை எடுத்தார். நாலரை மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்று என்று பழைய டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. இந்தத் தங்க டிஸ்க் புதிதிலேயே நாலுதான் காட்டியது.

"தம்பி, இது பொறக்கும்போதே தேஞ்சு போயிருக்கு."

"கிளப்ல எல்லாரும் இதான் போட்டிருக்காங்க."

முருகையா அலமாரியிலிருந்து அசல் டிஸ்க்குகளை எடுத்து வைத்தார். வெறும் சாம்பல் நிறம். நேற்றைய மீனைப் பார்ப்பதுபோல் விக்னேஸ்வரன் அவற்றைப் பார்த்தான். அதுவரை போனில் மூழ்கியிருந்த அவன் மனைவி தேவகி எழுந்து வந்தாள்.

"பின்னாடி உக்கார்றது நான். உங்க சொந்தத் தங்கச்சிக்கு எத போடுவீங்க அண்ணே?"

முருகையா சாம்பல் டிஸ்க்கைக் காட்டினார்.

"அதையே போடுங்க."

அந்த வீட்டில் ஒரு மூளையாவது வேலை செய்கிறதே என்று முருகையா நினைத்துக்கொண்டார். அன்றே மாட்டி, செம்பனைத் தோட்டத்துச் சாலையில் பாடாங் மேஹா வரை ஓட்டிப் பார்த்தார். பிடித்த இடத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் வண்டிப் பூசை. பதினெட்டுப் பைக்குகளுக்கும் மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை. முருகையாவும் வந்து, கையில் கோப்பியோடு மரத்தடியில் நின்றார். படம் எடுக்கும்போது விக்னேஸ்வரனுக்குத் தன் டிஸ்க் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பொறுக்கவில்லை. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் துணியை நனைத்து, இரண்டு டிஸ்க்கையும் சுற்றிச் சுற்றித் துடைத்தான்.

பிரேக்குக்கு எண்ணெய் பூசும் பிறவியை முருகையா முப்பது வருடத்தில் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூசை முடிந்ததும் எலுமிச்சையை நசுக்கிவிட்டு ஆளுக்கொரு சுற்று தனியாகத்தான் ஓட்டுவார்கள். கிளப்பு முழுக்கப் பார்க்க, தலைவன் பிரேக் பிடிக்காமல் திணறட்டும். நினைக்கவே அவருக்கு இனித்தது. வாய்விட்டே சிரித்தார்.

அப்போதுதான் தேவகி, வீடியோவுக்காக, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"டேய், நிறுத்துடா" என்று முருகையா ஓடினார். பதினெட்டு எஞ்சின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பைக் எலுமிச்சையை நசுக்கிச் சரிவில் இறங்கியது. கீழே சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. விக்னேஸ்வரன் பிரேக்கை அழுத்தினான். பிடிக்கவில்லை. பதறிப்போய் வண்டியைத் திருப்பி வடிகாலில் விட்டான்.

முருகையா போய்ச் சேர்ந்தபோது தலைவன் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நின்று, மட்டமான டிஸ்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டதாகக் கத்திக்கொண்டிருந்தான். தேவகியின் கால் வண்டிக்கு அடியில் இருந்தது. நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முருகையா அவள் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவரு எண்ணெய் தடவுறப்ப ஒங்களத்தான் பாத்தேன் அண்ணே. நீங்க சிரிச்சீங்க. ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிதான் ஏறினேன்."